கயிற்றில் வந்த பதில்

என்னிடம் பழைய பதிவேட்டுத் தாள் ஒன்று இருக்கிறது. உப்புக் காற்றில் பழுப்பேறி, மடித்த இடங்களில் கிழியத் தொடங்கிவிட்டது. அதில் என் கையெழுத்தில் ஐந்து நேரங்கள் குறிக்கப்பட்டுள்ளன: ஒன்பது நாற்பத்தைந்து, ஒன்பது ஐம்பது, ஒன்பது ஐம்பத்தைந்து, பத்து, பத்து ஐந்து. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே சொல்: நலம். ஐந்தும் ஒரே அளவில், ஒரே சாய்வில் இருக்கின்றன. எழுதியவனின் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும்.

கடலடி ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கருவிகளைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. உங்களுடையவை எங்களுடையவற்றைவிட எவ்வளவோ மேலானவை. ஆனால் பயிற்சியில் உங்களுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள்: தன்மேல் நம்பிக்கை இல்லாதவன் கடலில் இறங்கக் கூடாது என்று. அது சரிதான். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் அளவு கடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. கடக்கும்போது உள்ளே எந்த மாற்றமும் தெரிவதில்லை என்பதால் சொல்லித்தருவதும் கடினம். இந்தத் தாளை வைத்துக்கொண்டு அதை விளக்க முயல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கடலடியில் பாறை மேடாக நீளும் இடங்களை இங்கே பார் என்பார்கள்; சிப்பிகள் அந்தப் பார்களில்தான் ஒட்டி வளரும். அவை மறுபடி வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது எங்கள் வேலை. நான் ஏரலுக்குப் பக்கத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். தாமிரபரணியில் நீந்தியதும், விலங்கியலில் பட்டம் பெற்றதும், முதுகில் காற்று உருளை கட்டி முங்க மூன்று மாதம் பயின்றதும்தான் என் தகுதிகள். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருவரே. மற்றவர் சூசை.

சூசை கீழவைப்பாரைச் சேர்ந்தவர். பதினைந்து வயது முதல் உருளையும் முகமூடியும் இல்லாமல் சங்கு குளித்தவர். துறை அவரை வேலைக்கு எடுத்து உருளையைக் கட்டிவிட்டபோது, மூச்சை அடக்காமல் கடலுக்குள் இருப்பது வெட்கமாக இருக்கிறது என்று சிரித்தார். அவருடன் கூடவே வந்தவர் மிக்கேல், சூசையின் மனைவிக்குத் தம்பி. சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே போகிறவனின் கயிற்றை மேலே அவனுடைய மச்சான்தான் பிடிப்பான். தன் சகோதரியின் வாழ்வு அந்தக் கயிற்றின் நுனியில் இருப்பதால் அவன் கண் அசர மாட்டான் என்பது கணக்கு. ஆகவே மிக்கேல் எங்கள் விசைப்படகான லாஞ்சில் உதவியாளராகச் சேர்ந்தார். சூசைக்காகத்தான் சேர்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர்களுடைய கயிற்றுக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, ஆள் கீழே போனதிலிருந்து மேலே வரும்வரை கயிறு கையை விட்டு இறங்கக் கூடாது. மற்றது எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது. கீழே இருப்பவன் தன்னைத் தூக்கச் சொல்லலாம். இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருக்கிறேன் என்று சொல்லும் உரிமை அவனுக்குக் கிடையாது. எப்போது தூக்குவது என்பதை மேலே இருப்பவன்தான் முடிவு செய்வான். நான் காரணம் கேட்டேன்.

"கீழ கெடக்கவனுக்கு எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கும்" என்றார் மிக்கேல். "நல்லா இருக்கேம்னு அவன் சொல்லுதது கணக்குல சேராது."

மூச்சை அடக்கி முங்கிய காலத்துக்கு அது பொருந்தும், உருளை இருக்கும்போது பொருந்தாது என்று நான் முடிவு செய்தேன். என் பயிற்சிக் கையேட்டில் இருந்தபடி புதிய முறை கொண்டுவந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலிருந்து ஒரு இழுப்பு: நலமா? கீழிருந்து ஒரு இழுப்பு: நலம். மூன்று இழுத்தால் மேலே வா, அல்லது தூக்கு. சூசை இறங்கும்போது கயிறு என் பொறுப்பு; மிக்கேல் நங்கூரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். இடைப்பட்ட நேரத்தில் நான் எழுத வேண்டியிருந்ததால், கயிற்றைப் படகின் விளிம்பிலிருந்த முளையில் சுற்றிவைத்து, கேட்கும்போது மட்டும் கையில் எடுத்தேன். இரண்டு மாதம் இந்த முறையில் ஒரு குறையும் வரவில்லை. அதற்கு முன்பும், தண்ணீர் கலங்கும் நேரத்தைப் பற்றிப் படகிலிருந்த எல்லோரும் ஒன்று சொல்ல, ஓத அட்டவணையைப் பார்த்து நான் வேறொன்று சொல்லி, நான் சொன்னதே நடந்திருந்தது. அதன் பிறகு படகில் யாரும் என்னுடன் வாதிடவில்லை. என் சொல் சரியானது என்பதற்கு அந்த மௌனத்தையும் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தாளை எழுதிய நாள் காலை, கரையிலிருந்த கொட்டகையில் நான் இரண்டு உருளைகளுக்குக் காற்று ஏற்றினேன். ஒன்று சூசைக்கு, அவர் வந்தபின் நான் இறங்க மற்றொன்று. காற்று ஏற்றும் இயந்திரம் டீசலில் ஓடுவது. அதன் புகை ஒரு பக்கம் போகும். காற்றை உறிஞ்சும் குழாயின் வாயைக் காற்று வரும் திசைக்கு நேராக, புகைக்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். விடியலில் தரைக்காற்று அடித்தபோது அப்படித்தான் வைத்திருந்தேன். பாதி ஏறியபோது மிக்கேல் வாசலில் வந்து நின்றார்.

"சார், காத்து திரும்பிட்டு. பொகை அந்தக் கொழாயப் பாத்துதான் போவுது."

வடிகட்டி இருக்கிறது, கவலை வேண்டாம் என்றேன். வடிகட்டி எண்ணெய்ப் பசையையும் தூசியையும் நிறுத்தும். புகையில் மணமின்றிக் கலந்து வரும் நச்சு வாயுவை நிறுத்தாது. இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. தேர்வில் எழுதியிருக்கிறேன். அன்று நினைவுக்கு வரவில்லை. என்னைத் திருத்துவதற்கு என் படிப்பே போதும் என்று நான் நம்பியிருந்ததால், வேறொருவர் திருத்தியபோது அந்தப் படிப்பு வாயைத் திறக்கவில்லை.

கடல் அன்று எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பத்துப் பாகம் ஆழம். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். சூசை முகமூடியை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது மிக்கேல் அவரைச் சீண்டினார்.

"கீழ போயி ஒறங்கிராதயும் மச்சான். எங்க அக்காளுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"ஒம்ம மூஞ்சியப் பாக்காம இருக்கத்தாம்வே கீழயே போறேன்" என்றார் சூசை.

ஒன்பது நாற்பதுக்கு இறங்கினார். இடுப்பில் கயிறு, கையில் இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தைப் பாரின் மேல் வைத்து, அதற்குள் அடங்கும் சிப்பிகளை எண்ணி, சிலேட்டில் குறித்துவர வேண்டும். ஆறு இடங்கள், இருபது நிமிடம். முதல் கேள்வி கேட்டேன், பதில் வந்தது. எழுதினேன். இரண்டாவது, மூன்றாவது. மெல்லிய அலைவீச்சு ஒன்று தொடங்கியிருந்தது. படகு தூக்கத்தில் புரள்வதுபோல் புரண்டது. சுற்றிலும் ஒரு பறவைகூட இல்லாததைக் கவனித்தேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அப்போது கவனித்தேனா என்பது எனக்கே உறுதியில்லை.

பத்து மணிக்கு இருபது நிமிடம் முடிந்தது. இழுத்துக் கேட்டேன். சிறிது தாமதித்து, தெளிவாக ஒரு இழுப்பு வந்தது. ஆறு இடமும் முடியவில்லை போலும், ஆள் நலமாகத்தான் இருக்கிறார், உருளையில் காற்று மிச்சமுண்டு, இன்னும் பத்து நிமிடம் கொடுக்கலாம் என்று கணக்கிட்டேன். கணக்கில் பிழையே இல்லை.

"தூக்கிருவோம் சார்" என்றார் மிக்கேல். அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. படகின் மறுபக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதுதான் பதில் வந்தது என்று பதிவேட்டைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. பத்து ஐந்துக்கு மறுபடி கேட்டேன்; மறுபடி ஒரு இழுப்பு. அவரே பார்க்கட்டும் என்று கயிற்றை அவரிடம் நீட்டினேன். இரண்டு விரலால் தொட்டுச் சிறிது நேரம் நின்றார்.

"இது ஆளு இழுக்குத இழுப்பு இல்ல சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "கயிறு இங்கன போவுது. குமிழி அங்கன வருது. வந்த எடத்துலயே வருது, நவுரவே இல்ல."

அவர் காட்டிய இடத்தில், கயிறு செல்லும் திசையிலிருந்து பெரிதும் விலகி, சின்னச் சின்னக் குமிழிகள் ஒரே புள்ளியில் வெடித்துக்கொண்டிருந்தன. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மிக்கேல், வேகமாக அமிழ்வதற்காக உதிரி நங்கூரக் கல்லைத் தூக்கி அணைத்துக்கொண்டு, கத்தியை இடுப்பில் செருகியபடி குதித்துவிட்டார். உத்தரவு கேட்கவில்லை.

நான் கயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரை எழுதுகோல் பிடித்திருந்த கை. இப்போதுதான் முதன்முறையாக, எதையும் கேட்காமல் அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தேன்.

ஒரு இழுப்பு வந்தது.

நான் கேட்கவில்லை. ஆனாலும் நலம் என்று வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. படகு ஒரு பெரிய அலையில் சாய்ந்து நிமிரும்போதெல்லாம், அளவாக, மரியாதையாக, ஒரே ஒரு இழுப்பு. நலம். நலம். நலம். எத்தனை நேரமாக அது இப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததோ, முளையில் சுற்றிக் கிடந்தபோது யாரிடம் சொல்லிக்கொண்டிருந்ததோ எனக்குத் தெரியவில்லை. கயிற்றை விட்டுவிட வேண்டும் போலவும் இருந்தது, விடக் கூடாது போலவும் இருந்தது.

மிக்கேல் சூசையை அணைத்துக்கொண்டு மேலே வந்தார். லாஞ்சை ஓட்டும் ஸ்ராங்கும் நானும் சேர்ந்து இழுத்துப் போட்டோம். சூசைக்கு மூச்சு இருந்தது. கண்கள் திறந்திருந்தன. முகத்தில் வலியோ பயமோ இல்லை. நல்ல செய்தி கேட்டவர்போல் லேசான சிரிப்பு இருந்தது. அழைத்தால் திரும்பவில்லை. அவருடைய வலது கை மட்டும் படகின் பலகையில் ஏதோ ஒன்றைப் பிடித்திருப்பதுபோல் மடங்கி, சற்று நேரத்துக்கு ஒருமுறை தன்பக்கம் சுண்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை. நிறுத்தம். பிறகு ஒரு தடவை.

கரைக்கு வரும் வழியில் மிக்கேல் கீழே கண்டதைச் சொன்னார். சூசை பாரின் அடியில் மணலில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். எதிரே இரும்புச் சட்டம்; அதற்குள் சிப்பிகளுக்குப் பதில் உடைந்த ஓடுகளை வட்டமாக அடுக்கியிருந்தார். கயிறு பாறையின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. பாறைக்கு அந்தப்புறக் கயிறு படகுக்குப் போயிற்று. இந்தப்புறக் கயிற்றை சூசை இழுத்துக்கொண்டிருந்தார். பாறையைத் தாண்டி ஓர் அசைவுகூட எந்தப் பக்கமும் போகாது. மிக்கேல் தோளைத் தொட்டதும், ஒன்றுமில்லை போ என்பதுபோல் கையசைத்திருக்கிறார். கயிற்றை அறுத்து, அமிழ்வதற்காக இடுப்பில் கட்டியிருந்த எடையைக் கழற்றி, முரண்டு பிடிக்கப் பிடிக்கத் தூக்கிவர வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் நெடுநேரம் எங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. மாலைக்குள் கண் நிலைத்துப் பார்த்தால் பிழைப்பார், பார்க்காவிட்டால் சொல்வதற்கில்லை என்றார். கீழவைப்பாரிலிருந்து சூசையின் மனைவி வந்து சேர்ந்தார். அழவில்லை. நேராக என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"கயிறு யாரு கையில இருந்துச்சு சார்?"

கணவர் எப்படி இருக்கிறார் என்பதற்கும் முன்னால் வந்த கேள்வி அது. அவர்கள் வீடுகளில் அதுதான் முதல் கேள்வி.

"என் கையில்" என்றேன்.

மிக்கேல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அக்காவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் என்னை யாரும் அவ்வளவு கடுமையாகக் கண்டித்ததில்லை.

மாலை ஐந்து மணியளவில் சூசை மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். எங்களுக்கு உயிர் வந்தது. தூங்கும்போது மட்டும் அவர் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்து ஒருமுறை சுண்டும். மூன்றாம் நாள் என்னிடம் பேசினார். கீழே என்ன நடந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு சார்" என்றார். "அப்படி ஒருநாளும் இருந்ததில்ல. எல்லாம் கைக்குள்ள வந்த மாரி. தலை வலிச்ச மாரியும் இருந்துச்சு. ஆனா அது வேற யாருக்கோ வலிக்குத மாரி. நீங்க ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் நான் பதில் சொன்னேனே. வந்துச்சுல்லா?"

வந்தது என்றேன். அவர் பாறையிடம் நலம் என்றார். நான் அலையிடம் நலமா என்றேன். இருவருக்கும் பதில் கிடைத்தது. ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருப்பதாக இருவரும் நம்பினோம். அவருடைய அந்த நிம்மதிக்குக் காரணம் அவர் சுவாசித்த நச்சு. என்னுடையதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. நான் நல்ல காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தேன்.

அளவு கடந்த நம்பிக்கை என்றால் மார்தட்டுவது, பிறர் சொல் கேளாமல் சீறுவது என்று எண்ணியிருந்தேன். நான் சீறவில்லை. கேட்டேன், காத்திருந்தேன், குறித்தேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது முழுக்க முழுக்கக் கவனமாகவே தெரிந்திருக்கும். ஒரு கேள்வியை, அதற்கு ஒரே ஒரு பதில்தான் வர முடியும் என்னும்படி அமைத்துவிட்டு, அந்தப் பதில் வந்ததும் திருப்தி அடைந்தேன். என் பிழைக்கான விலையை வேறொருவருடைய உடம்பு கட்டிக்கொண்டிருந்தது. உங்களில் மேற்படிப்பு படித்தவர்கள் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் கையேடு நம்மிடம் இருக்கும். கயிறு இன்னொருவர் இடுப்பில் இருக்கும்.

நான்காம் நாள் மேலதிகாரி விசாரித்தார். பதிவேட்டைப் புரட்டி, பத்து ஐந்துக்கு ஆள் நலம் என்று எழுதியிருக்கிறதே, யார் சொன்னது என்று கேட்டார். அன்றிரவே அறிக்கை எழுதினேன். காற்றுக் குழாயின் பக்கம் புகை போவதாக மிக்கேல் எச்சரித்ததையும், கயிறு என் கையில் இல்லாமல் முளையில் இருந்ததையும் எழுதினேன். மறுநாள் பேருந்து ஏறிக் கீழவைப்பாருக்குப் போய், சூசையின் மனைவியிடமும் அதைச் சொன்னேன். அவர் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். தெரியும் என்றார், யார் சொல்லித் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும், ஊதிய உயர்வில் ஓராண்டுத் தடையும் கிடைத்தன. சூசை மறுபடி முங்கவில்லை. லாஞ்சின் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறினார். ஐந்து நலங்களில் எத்தனை அவருடையவை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முதலாவது அவருடையதாக இருக்கலாம்.

மூன்று மாதத்தில் முங்கும் வேலை மீண்டும் தொடங்கியது. கயிறு மிக்கேலிடம் போயிற்று, நான் இறங்கினேன். சைகை முறையை நானே திருத்தி அமைத்திருந்தேன். மேலே இருப்பவர் தன் விருப்பப்படி இரண்டோ மூன்றோ நான்கோ இழுப்பார். கீழே இருப்பவர் அதைவிட ஒன்று கூட்டி இழுக்க வேண்டும். தூக்கு என்பதற்கு நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாறையும் அலையும் இழுக்கலாம். கூட்டல் போட முடியாது. கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியாத ஒரு பதில் கீழிருந்து வர வேண்டும் என்பதே அதன் சாரம். பிறகு வேறு அலுவலகங்களிலும் அதைப் பின்பற்றினார்கள். இன்றும் அது நல்ல முறை என்றே சொல்வேன்.

முதல் நாள் அதே பாரில் இறங்கினேன். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. சிப்பிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன. மூன்று இழுப்பு வந்தது, நான்கு இழுத்தேன். இரண்டு வந்தது, மூன்று இழுத்தேன். மனம் மிகவும் தெளிவாக இருந்தது. அறுபட்ட பழைய கயிற்றின் ஒரு துண்டு பாறையில் இன்னும் சுற்றிக் கிடந்தது. அதன் நுனி நீரோட்டத்தில் ஒருமுறை அசைந்து, நின்று, மறுபடி ஒருமுறை அசைந்தது. அதை நான் அச்சமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஒன்றும் நேராது என்று தோன்றியது. அப்போது என் இடுப்புக் கயிறு விறைத்தது. மிக்கேல் என்னைத் தூக்கத் தொடங்கியிருந்தார்.

மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கோபத்துடன் கேட்டேன். இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லையே, இரண்டுக்கு நான் மூன்று இழுத்தது வரவில்லையா?

"வந்துச்சு சார், மூணுதான்" என்றார். பதிவேட்டை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். நான் இறங்கி இருபது நிமிடம் முடிந்திருந்தது.

கூட்டல் சரியாக வந்ததே, பிறகு என்ன சந்தேகம் என்றேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார்.

"கடலுக்கு எண்ணத் தெரியாதுன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னா?"

நான் படகில் ஏறி உட்கார்ந்து, உருளையைக் கழற்றி, துண்டால் தலையைத் துடைத்துக்கொண்ட பிறகும், என் இடுப்பிலிருந்த கயிற்றின் மறுநுனியை அவர் கையிலிருந்து விடவில்லை.